ஐந்தரையாவது படி

இந்த ஊரில் வரிசையில் மனிதர்கள் நிற்பதில்லை. அவர்களுடைய பைகள் நிற்கின்றன. மண்டபம் அகதி முகாமுக்கு வந்து முதன்முதலாக ரேஷன் கடைக்குப் போன காலையில் இதைக் கண்டு அசந்துபோனேன். பூட்டிய கதவின் முன்னால் தொடங்கி ஒரு மஞ்சள் பை, ஓர் உரச்சாக்கு, பறந்துவிடாமல் கல் வைத்த ஒரு பாலித்தீன் பை, ஒரு தூக்குவாளி, கடைசியாக ஓர் ஒற்றைச் செருப்பு. ஒன்றையொன்று முந்தாமல், முண்டாமல், நல்ல பிள்ளைகளாக நின்றன. சொந்தக்காரர்கள் எதிரே வேப்பமரத்தடியில் கால்நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? நேராகப் போய் அந்த ஒற்றைச் செருப்புக்குப் பின்னால் வெயிலில் நிமிர்ந்து நின்றேன். செருப்புக்கும் எனக்கும் நடுவே யாரும் புகுந்துவிடக் கூடாதென்று கொஞ்சம் நெருங்கியும் நின்றேன்.

"ஏத்தா, அந்தச் செருப்பு ஓடியா போயிரும்? இங்கன வந்து நெழல்ல உக்காரு" என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "இல்லை அம்மா, விலகினால் இடம் போயிடும்" என்றேன். மரத்தடி முழுக்கச் சிரித்தது.

மன்னாரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வராது என்று எனக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளியின் பெயர் வரிசை. பெற்றோலுக்கு, எரிவாயுவுக்கு, பால்மாவுக்கு, பேக்கரிப் பாணுக்கு. வரிசை ஒன்றைக் கண்டால் முதலில் போய் நிற்பது, பிறகுதான் எதற்கென்று விசாரிப்பது. ஒருமுறை அம்மா மண்ணெண்ணெய்க்கு என்று நினைத்து நின்ற வரிசை கண் பரிசோதனை முகாம் ஒன்றில் போய் முடிந்தது. நின்றது வீணாகக் கூடாதென்று கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். இன்று அவர் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடிதான் நாட்டின் பொருளாதார நெருக்கடி எங்கள் குடும்பத்துக்குச் செய்த ஒரே நன்மை.

அப்பா ஓட்டோ ஓட்டினார். மூன்று நாள் நின்று வாங்கிய பெற்றோலில் பாதி, அடுத்த வரிசை எங்கே என்று தேடிப் போவதில் தீர்ந்தது. பிறகு ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டார். நிறுத்தினாரே தவிர, காலையில் ஐந்து மணிக்கு எழும்பி அதைக் கழுவித் துடைப்பதை நிறுத்தவில்லை. ஓடாத ஓட்டோ எங்கள் தெருவிலேயே பளபளப்பானதாக நின்றது. நானோ ஒரு கணினி வகுப்பில் எக்செல் கற்பித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனபோது சோர்ந்துவிடவில்லை. நோட்டுக் கொப்பியில் அடிமட்டக் கோலால் கட்டம் கீறி எக்செல் கற்பித்தேன். பிறகு கொப்பிக்கும் தட்டுப்பாடு வந்தது. கரும்பலகையில் கீறினேன். சோக்கட்டி முடிந்த அன்றுதான், சரி, இந்த நாடு என்னிடம் ஏதோ சொல்ல வருகிறது என்று விளங்கியது.

அன்றைக்கு ரேஷன் கடை வாசலில் பழக்கதோஷம் என்னை விடவில்லை. பைகளையாவது ஒழுங்குபடுத்துவோம் என்று என் குறிப்புப் புத்தகத்தைக் கிழித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதி ஒவ்வொரு பையிலும் செருகினேன். செருப்புக்கு ஐந்து. அப்போதுதான் என் வயதுப் பெண் ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்புக்கெல்லாம் நம்பர் போட்டுக்கிட்டிருக்கியே, ஒனக்கு வேற வேலை இல்லையா?"

"இல்லை" என்றேன். அதுதான் உண்மை.

"அப்ப எங்க ஆபீசுக்கு வாரியா? ஆளு கேக்குறாக."

இப்படித்தான் எனக்கு முத்துமாரி கிடைத்தாள். சொந்த ஊர் கமுதி. எம்.ஏ. பொருளாதாரம். ராமநாதபுரத்தில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கியவள்; மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் சேர்ந்து, மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் 'ரெண்டு மாசம் கழிச்சு வாம்மா' என்று அனுப்பப்பட்டவள். இப்போது அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்று, வேலையும் வருமானமும் திடீரென்று அடிபடும்போது குடும்பங்களின் மனநிலை என்ன ஆகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஆள் தேடியது. பத்து நாள் பயிற்சி. இருவரில் ஒருவரைத்தான் ஓராண்டுக்கு வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளும் ஆளுக்கு நீல நாடாவில் தொங்கும் அடையாள அட்டை. அதில் படம், பெயர், பெயருக்குக் கீழே 'கள ஆய்வாளர்'.

எனக்கு வேண்டியது அந்த அட்டைதான். எங்கள் கையில் இருக்கும் காகிதங்கள் எல்லாம் நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்கின்றன. என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லும் காகிதம் ஒன்றுகூட இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அப்பா பக்கத்து வீட்டில் சுத்தியல் இரவல் வாங்கி வந்து, கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கண்மட்டத்துக்கு ஓர் ஆணி அடித்தார். "அட்டை வந்தால் எங்க கொழுவுறது எண்டு பிறகு தேடக் கூடாது" என்றார். பத்து நாளும் அந்த வெறும் ஆணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முகாம் அலுவலகத்தில் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு மறுநாளே புறப்பட்டேன். மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். எங்களுக்குக் கிடைத்த கிராமம், ராமநாதபுரத்தைத் தாண்டிக் கடலாடி போகும் சாலையில், மிளகாய்க் காட்டுக்கு நடுவே இருந்தது. ஊரில் பாதி வீடு எனக்கு, பாதி அவளுக்கு. கேள்விகள் சுலபமானவைதான்: யார் என்ன வேலை, மழை கெடுத்ததா, விலை விழுந்ததா, வேலை போனதா. எல்லாவற்றுக்கும் மக்கள் மணிக்கணக்காகப் பதில் சொன்னார்கள். போன தை மாதத்து மழையில் களத்தில் காய்ந்த மிளகாய் கறுத்துப்போன கதையை நான் பதினோரு வீட்டில் கேட்டேன். பதினோரு இடத்திலும் அழுகை வந்தது. சிக்கல் கடைசிக் கேள்வியில் இருந்தது. அதற்கென்று ஓர் அட்டை தந்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையில் ஓர் ஏணிப் படம். உச்சியில் பத்து, நினைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடியில் பூச்சியம், மிக மோசமான வாழ்க்கை. நீங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

முதல் வீடு சண்முகவேல் என்பவருடையது. மாடி வீடு, வாசலில் டிராக்டர், மொட்டைமாடி முழுக்கச் சிவப்பாய்க் காயும் முண்டு மிளகாய். ஏணியைக் காட்டிக் கேட்டதும் அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார். பிறகு டிராக்டரை மறைக்கிற மாதிரி நகர்ந்து நின்றுகொண்டார்.

"நான் எங்கத்தா ஏணியில ஏறுனேன்? எனக்கு முழங்கால் வலி."

"இது உங்கட வாழ்க்கை, அய்யா. சும்மா ஒரு படம்."

"அதைத்தான் சொல்றேன். ஏறுனாத்தான விழணும்? நான் தரையிலயே நிக்கிறேன். தரைன்னு போட்டுக்க."

"தரை என்று ஒரு படி இல்லையே அய்யா."

"அப்ப ஒங்க ஏணி சரியில்ல. மாத்திக் கொண்டாங்க."

அடுத்த வீடு இருளாயி. ஐம்பது வயதிருக்கும், தனியாள், ஆறு ஆடு. அவர் ஏணியைத் திருப்பி வைத்துவிட்டு என்னை விசாரிக்கத் தொடங்கினார். "படியெல்லாம் பெறகு. நீ எந்த ஊரு? பேச்சு ஒரு தினுசா இருக்கே, கேரளாவா? சிலோனா! அடியாத்தீ. அங்கன சோத்துக்கே பஞ்சமாம்ல? வந்து எம்புட்டு நாளாச்சு? ஒங்கய்யா என்ன செய்றாக? கல்யாணம் ஆகலயா? ஏன் ஆகல?" முக்கால் மணி நேரத்தில் என்னுடைய முழு ஆய்வுப் படிவத்தையும் அவர் நிரப்பிவிட்டார். அவருடையது காலியாக இருந்தது. கெஞ்சியதில் கடைசியாக, "எனக்கென்ன, ஏதோ ஓடுது" என்றார். ஏதோ ஓடுது என்பதற்கு எத்தனையாம் எண்ணை அழுத்துவது?

மூன்று நாள் இப்படியே போனது. 'ஏதோ ஓடுது', 'கெடக்கோம்', 'கும்புடுற சாமிக்குத்தான் தெரியும்', 'நீயே பாத்துப் போட்டுக்க'. பதில்களைப் பதியத் தந்திருந்த கைக்கணினியில், அந்த டேப்பில், அந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. முத்துமாரிக்கும் இதே கதிதான். ஆனால் அவள் பதறவில்லை. சாலையோர டீக்கடையில் எனக்கு விளக்கினாள்.

"இங்கன நல்லா இருக்கேன்னு எவனும் வாயத் தொறந்து சொல்ல மாட்டான் புள்ள. சொன்னா அன்னைக்கே ஆடு செத்துப்போகும்."

"அப்ப கஷ்டம் எண்டாவது சொல்லலாம்தானே?"

"அதெப்படி? கஷ்டம்னு சொன்னா பக்கத்து வீட்டுக்காரன் சந்தோசப்படுவான்ல."

"நீ என்ன செய்யிறாய்?"

"நானா? உக்காந்து பேசிக்கிட்டே இருப்பேன். என்னைக்காவது வாயில வரும். அன்னைக்கிப் போடுவேன்."

என்றைக்காவது! எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது; வரிசையில் நிற்கத் தெரியும், சும்மா உட்காரத் தெரியாது. நான்காம் நாள் இருளாயி வீட்டு வாசலில் மறுபடி தோற்று எழும்பும்போது, வாய் தவறியது மாதிரி, "உங்களை விடுங்கோ, சண்முகவேல் அய்யா தரையில நிக்கிறன் எண்டு சொல்றார்" என்றேன்.

இருளாயி அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். "யாரு, அவனா தரையில நிக்கிறான்? எங்க, அந்த அட்டையக் குடு." கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒரு தையற்காரரின் துல்லியத்தோடு விரலை வைத்தார். "எட்டு. ஒம்பது போடலாம். பொண்டாட்டி வாயி ஒண்ணக் கொறைக்கும்."

"அந்தப் பச்சை வீடு?"

"கருப்பையாவா? மகன் சிங்கப்பூர் போனப்ப ஏழுக்கு ஏறுனாரு. இப்பப் போனு வர்றது கொறைஞ்சுபோச்சு. வாசல்ல கட்டில்ல போனக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு. நாலு."

என் மூளைக்குள் மின்சாரம் திரும்பி வந்தது போல இருந்தது. தன் படியைச் சொல்லாத ஊர், அடுத்த வீட்டின் படியை அரைப் படி பிசகாமல் அறிந்து வைத்திருக்கிறது! காசு, நிலம், மாடி எல்லாவற்றையும் கூட்டி, தூக்கம், மூட்டுவலி, வராத தொலைபேசி அழைப்பு எல்லாவற்றையும் கழித்து, மனக்கணக்காகவே வைத்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் இது இருக்கிறது? பை ஆளுக்குப் பதிலாக வரிசையில் நிற்கலாம் என்றால், அடுத்த வீட்டார் ஆளுக்குப் பதிலாக ஏணியில் ஏற்றி வைக்கக் கூடாதா? இருளாயியிடம் கருப்பையாவைக் கேட்டேன். கருப்பையாவிடம் அவருக்கு அடுத்த வீட்டைக் கேட்டேன். அந்த வீட்டில் அதற்கடுத்த வீட்டை. மூன்றே நாளில் என் பாதி ஊர் முழுக்க ஏணியில் ஏறிவிட்டது. டேப்பில் பச்சை நிறமாகப் பூத்தது.

எங்கள் மேற்பார்வையாளர் கார்த்திகேயன் சார் தொலைபேசியில், "சூப்பர் தர்சினி. கட்டம் ஒண்ணுகூடக் காலியில்ல" என்றார். முத்துமாரியின் பங்கு வீடுகளில் பாதிக் கட்டம் காலி. அன்று மாலை அவள் என்னை முகாம் வாசலில் இறக்கிவிட்டபோது முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அப்பா வழக்கம்போல வாளியும் துணியுமாகக் காத்திருந்தார். வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்தே அவருக்கு இது ஒரு கடமை: முத்துமாரியின் ஸ்கூட்டரைக் கழுவித் துடைக்காமல் அனுப்ப மாட்டார்.

"அய்யா, தெனமும் இப்பிடித் தேய்ச்சா பெயிண்டு உரிஞ்சிரும்" என்றாள் முத்துமாரி.

"உரியாது பிள்ளை. நான் ஓட்டோக்காரன்" என்றார் அப்பா. அவர் சந்தோஷமாக இருந்தார் என்பது அடுத்த வீட்டாராக இருந்து பார்த்த எனக்குத் தெரிந்தது. யாராவது என்னிடம் அவர் படியைக் கேட்டிருந்தால், அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் ஏழு என்றிருப்பேன்.

பத்தாம் நாள் சரிபார்க்க வந்தார் கார்த்திகேயன் சார். கோயம்புத்தூர்க்காரர், மென்மையானவர், ஊர் வழக்கம் தெரியாதவர். எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, அந்த வழியே வந்த கருப்பையாவிடம் நல்ல மனதோடு கேட்டார்: "ஐயா, உங்க வாழ்க்கையை நாலுன்னு சொல்லியிருக்கீங்க. சரிதானுங்களா?"

கருப்பையா நடையை நிறுத்தித் திரும்பினார்.

"நாலா? நான் எப்பச் சொன்னேன் நாலுன்னு? எவன் சொன்னது?"

சார் டேப்பைப் பார்த்தார். "காரணம்னு ஒரு குறிப்பும் இருக்குங்க. மகன் போன் பண்றதில்லை..." குறிப்பு எழுதும் ஆர்வம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்த நேரத்தில் அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கருப்பையா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். "எம் மகன் போன் பண்ணலன்னு எவ சொன்னா? வரச் சொல்லுங்க அவள! மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன். நாலுன்னு வெளிய தெரிஞ்சா எவன்யா பொண்ணு கேட்டு வருவான்?"

சத்தம் கேட்டுச் சண்முகவேல் வந்தார். அவருக்கு எட்டு என்று தெரிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எட்டா! ஐயையோ, கண்ணு வச்சுட்டாங்களே. சார், எறக்குங்க. மொதல்ல என்னிய எறக்குங்க!" ஒருவருக்கு ஏற்ற வேண்டும், ஒருவருக்கு இறக்க வேண்டும். கால் மணி நேரத்தில் பாதி ஊர் தண்ணீர்த் தொட்டியடியில் கூடிவிட்டது. ஆணும் பெண்ணும் தங்கள் எண்ணைக் கேட்டு, கேட்ட கையோடு கத்தினார்கள். என்னுடைய பச்சைக் கட்டங்கள் எல்லாம் கைகால் முளைத்து நேரில் வந்து நின்று என்னைத் திட்டியது போல இருந்தது.

கார்த்திகேயன் சார் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. "தர்சினி, இதெல்லாம் அவங்க சொன்னதில்லையா? யார் சொன்னது?"

கூட்டத்தில் இருளாயி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். பெயரைச் சொன்னால் நான் பொய்யெழுதவில்லை என்றாவது ஆகும், அட்டைக்கு ஓர் இழை நம்பிக்கை மிஞ்சும். ஆனால் அவர் இந்த ஊரில் இருக்க வேண்டியவர். "நானாகத்தான் போட்டனான் சார்" என்றேன். சொல்லும்போதே சுவரில் அந்த ஆணி தெரிந்தது.

"அவ ஏன் போடுறா? நாந்தான் சொன்னேன்!" இருளாயி முக்காட்டை எடுத்துவிட்டு முன்னால் வந்தார். "ஏன் கருப்பண்ணே, பொய்யா சொன்னேன்? வாசல்ல போனப் பாத்துக்கிட்டு நீ உக்காந்திருக்கிறது எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாதா?"

கருப்பையா சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தார். சிங்கப்பூருக்கு மணி அடித்தது. ஒருமுறை, இரண்டுமுறை. சண்டை நின்றுவிட்டது. ஐந்தாவது மணியில் யாரோ ஒரு பெண் "எடுலே, எடுறா" என்று முணுமுணுத்தாள். நானும் எடு எடு என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"அய்யா? சிப்டுல நிக்கிறேன்யா. என்ன, எல்லாரும் நல்லா இருக்கீகளா? நான் சூப்பரா இருக்கேன். பெறகு கூப்புடுறேன், சரியா?"

பத்து நொடிகூட இல்லை, வைத்துவிட்டான். பின்னணியில் ஏதோ இயந்திரம் காது கிழிய அறுத்துக்கொண்டிருந்தது. கருப்பையா தொலைபேசியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார். "எடுத்தான்ல? எடுத்துட்டான்ல? போடுங்க சார் ஆறு." பிறகு இருளாயியைப் பார்த்து, "எனக்குச் சொல்ல வந்துட்டா. நீ எந்தப் படி, சொல்லு பாப்போம்!" என்றார்.

"நானா? ஏழு." இருளாயி கூச்சமே படவில்லை. "ஆறு ஆடு இருக்கு. காலு நடக்குது. படுத்தா தூக்கம் வருது. ஒருத்தன் போனுக்கும் நான் காத்திருக்கல. ஏழு. போட்டுக்க புள்ள."

சொல்லியே விட்டார். வானம் இடிந்து விழவில்லை. ஆறு ஆடும் தொட்டியடியில் மேய்ந்துகொண்டுதான் இருந்தன. "ஆடு மேய்க்கிறவளே ஏழுன்னா, டிராக்டர் வச்சிருக்கவன் தரைன்னா நல்லாவா இருக்கும்?" என்று யாரோ சீண்ட, சண்முகவேல் அக்கம்பக்கம் பார்த்துச் சாரின் காதருகே குனிந்தார். "எட்டே இருக்கட்டும் சார். ஆனா சத்தமில்லாமப் போடுங்க." அதன்பின் மடை திறந்தது. சார் தட்டத் தட்ட, வீட்டுக்காரர் எண்ணைச் சொல்ல, அடுத்த வீட்டார் 'பொய், இவன் அஞ்சுதான்' என்று திருத்த, ஒருவழியாக ஊர் முழுவதும் தன் வாயாலேயே தன்னை ஏணியில் ஏற்றிக்கொண்டது.

கூட்டம் கலைந்ததும் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தகவல் அருமை. முறை தப்பு. ஒருத்தர் வாழ்க்கையை அவரைக் கேக்காம எழுதக் கூடாது, தர்சினி. எப்படிக் கேக்கணும்னு முத்துமாரி இப்பக் காட்டட்டும். நீங்க பதில் சொல்லுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்."

தொட்டிச் சுவரில் எதிரெதிரே உட்கார்ந்தோம். முத்துமாரி முன்பின் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். வேலை போனதா? போனது. விலை ஏறியதா? ஏறியது. அதனால் குடும்பம் இடம் மாறியதா? மாறியது. எல்லாம் டக் டக்கென்று சொன்னேன். பிறகு ஏணியை நீட்டினாள். "இப்ப நீங்க எந்தப் படியில நிக்கிறீக?"

வாயைத் திறந்தேன். போன ஞாயிறு மன்னாரிலிருந்து சித்தி தொலைபேசி எடுத்தபோது, "சூப்பராய் இருக்கிறம் சித்தி. எனக்கு ஒபீஸ் வேலை, அப்பாவுக்கும் வாகனத் துறையிலதான்" என்று நானே சொல்லியிருந்தேன். அந்தக் கரைக்கு நான் எட்டு. இங்கே அதிகாரிகள் யாராவது கேட்டால் முகத்தைத் தொங்கப்போட்டு மூன்று என்பது போல நிற்பேன். எட்டும் மூன்றும் பதினொன்று, பாதி ஐந்தரை. ஏணியில் ஐந்தரை என்று ஒரு படி இல்லை. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, "ஏதோ இருக்கிறம்."

முத்துமாரி சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். உண்மையிலேயே நன்றாகக் காத்திருந்தாள்; அவசரப்படுத்தவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு நிறுவனம் சொல்லிக் கொடுத்த விதிப்படி ஒரு பொத்தானை அழுத்தினாள். 'பதில் சொல்ல விருப்பமில்லை.' அந்த ஊரிலேயே பதில் சொல்லாத ஒரே ஆள் நான்தான்.

அட்டை முத்துமாரிக்குக் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். நீல நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட கையோடு அவள் சாரிடம் வழக்கு வைத்தாள்: "சார், அடுத்து திருவாடானைப் பக்கம். வண்டியில பின்னாடி உக்காந்து ஏணியப் புடிக்க ஒரு ஆளு வேணும். இவ கலகம் பண்ணாட்டி இந்தச் சனம் வாயத் தொறந்திருக்குமா?" சார் யோசித்து, எனக்கு இன்னும் ஒரு பயிற்சிக்காலம் தந்தார். அட்டை இல்லாமல்.

மாலையில் முகாமுக்கு வந்தபோது அப்பா ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டே முத்துமாரியின் கழுத்தைப் பார்த்தார், பிறகு என் கழுத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தேய்த்தார். அம்மாதான் என் பையைக் கிளறி, திருவாடானைக்காக வைத்திருந்த ஏணி அட்டையை எடுத்து, அதன் மூலையில் இருந்த ஓட்டையை ஆணியில் மாட்டினார். "வெறும் ஆணி சட்டையைக் கிழிக்கும்" என்று காரணம் வேறு சொன்னார்.

நாங்கள் வந்த கதையை இங்கே ஒரு வரி சொல்ல வேண்டும். படகுக்காரர் விடியுமுன், "இதுதான் இந்தியா, இறங்குங்கோ" என்று இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். விடிந்து பார்த்தால் இந்தியா ஒரு பள்ளிக்கூட விளையாட்டுத் திடல் அளவுக்கு இருந்தது. நாலு பக்கமும் கடல். நடுக்கடல் மணல்திட்டு. அது ஐந்தாவது திட்டா ஆறாவது திட்டா என்பதில் எங்களை மீட்க வந்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. வெயில் ஏறும்வரை அப்பா தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு திட்டின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடந்தார். மேற்கு முனையில் இந்தியா அவரை வரவேற்றுச் செய்தி அனுப்பியது; கிழக்கு முனையில் இலங்கை வலையமைப்பு ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் நின்றால் இரண்டும் மாறி மாறி வந்தன.

அன்று முத்துமாரி போனபிறகு அப்பா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து ஏணி அட்டையின் முன் நின்றார். "என்ன பிள்ளை இது?" என்றார். சொன்னேன். நாங்கள் எதில் நிற்கிறோம் என்று சுட்டுவிரலை வைத்துப் பார்த்தார். மேலே எட்டுவரை கொண்டுபோனார். ஏதோ யோசித்து மூன்றுக்கு இறக்கினார். மறுபடி ஏற்றினார், மறுபடி இறக்கினார். சித்திக்கு எட்டு சொல்லும்போது அவரும் பக்கத்தில் இருந்தவர்தான். கடைசியில் விரல் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், படியே இல்லாத வெள்ளையில் நின்றது.

"இதில நிண்டால்தான் பிள்ளை" என்றார், "ரெண்டு பக்கமும் சிக்னல் வருது."